உளவாளிப் பள்ளிக்கூடங்கள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

பள்ளிப் பிள்ளைகள் உளவாளிகளாகவும் சிறப்பு முகவர்களாகவும் பயிற்சி பெறும் ஜப்பானிய அனிமே (வரைபட அசைவுப் படம்) தொடர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அடிதடியும் சிரிப்பும் சரிபாதியாகக் கலந்த கதைகள் அவை. நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். அதனால் இந்தத் தொடர்களில் யார் எப்படிச் சுடுகிறார்கள் என்பதைவிட யார் எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்பதைத்தான் முதலில் கவனிப்பேன். என் பதில்களும் அந்தப் பக்கமாகவே சாயும்.

கேள்வி: இந்த வகைத் தொடர்கள் எல்லாமே ஒரே அச்சுதானே? ஒன்றும் தெரியாத மாணவர்கள், விசித்திரமான ஆசிரியர், கொஞ்சம் கூத்து, கடைசியில் சண்டை. இதில் நல்லது எது, சுமாரானது எது என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்? (கல்லூரி மாணவர்)

அச்சு ஒன்றுதான். நான் பிரித்துப் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தை வைத்து. பயிற்சிக் காட்சியில் எதைக் காட்டிச் சிரிக்க வைத்தார்களோ, அதுவே பிறகு ஆபத்து வரும்போது கைகொடுக்கிறதா? கொடுத்தால் அந்தத் தொடரில் பள்ளிக்கூடம் உண்மையாகவே பள்ளிக்கூடம். இல்லையென்றால் அது சீருடை போட்ட பின்னணிப் படம், அவ்வளவுதான். பார்க்கும்போது ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொள்வேன். இடது பக்கம் கற்றது, வலது பக்கம் அது பயன்பட்ட இடம். வலது பக்கம் காலியாகவே இருந்தால் தொடர் எனக்கு அலுத்துவிடும்.

‘ஸ்பை கிளாஸ்ரூம்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். தகேமாச்சி எழுதி 2020 ஜனவரியில் வரத் தொடங்கிய நாவல் வரிசை அது. 2023ல் ஃபீல் ஸ்டுடியோ அதை அனிமே ஆக்கியது. கதை நடப்பது ஒரு கற்பனை நாட்டில். பெரிய போர் முடிந்து, நாடுகள் உளவாளிகளை வைத்து மறைமுகமாக மோதிக்கொள்ளும் காலம். க்ளவுஸ் என்ற மகா திறமைசாலி உளவாளி, மற்றவர்கள் தோற்றுத் திரும்பிய, உயிர்பிழைப்பதே அரிதான வேலைகளை முடிக்க ஒரு குழு அமைக்கிறான். அவன் தேர்ந்தெடுப்பது பயிற்சிப் பள்ளிகளில் கடைசியில் நிற்கும் பெண்களை. தேறாது என்று ஆசிரியர்களே கைவிட்டவர்கள்.

முதல் பாடத்திலேயே சிக்கல். க்ளவுஸுக்குப் பூட்டைத் திறக்கத் தெரியும், எப்படித் திறக்கிறான் என்று சொல்லத் தெரியாது. கை தானாகச் செய்கிறது. அந்தப் பெண்கள் திருதிருவென்று விழிக்கிறார்கள். இந்தக் காட்சியைப் பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கணக்கில் பிறவித் திறமை உள்ள சிலர் ஆசிரியர் வேலைக்கு வந்து இப்படித்தான் திண்டாடுவார்கள். விடை அவர்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நடுவில் இருக்கும் படிகள் அவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. அதனால் அந்தப் படிகளை எடுத்துக் கொடுக்கவும் வராது.

க்ளவுஸ் கண்டுபிடிக்கும் வழி என்னவென்றால், விளக்குவதை விட்டுவிட்டு “என்னைத் தோற்கடியுங்கள்” என்று சொல்லிவிடுகிறான். எந்த நேரத்திலும், எந்த வழியிலும். அவனைத் தோற்கடிப்பதுதான் வகுப்பு. அப்புறம் வரும் கூத்துகளெல்லாம் இதிலிருந்து பிறப்பவை: சாப்பாட்டில் மருந்து, கதவில் பொறி, பொய்யழுகை. எல்லாவற்றிலும் அவன் தப்பித்துக்கொண்டே இருப்பான். நமக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு அந்தப் பெண்கள் ஒன்றைச் சரிசெய்துகொண்டே வருகிறார்கள். தனித்தனியாகப் போனால் ஆகாது என்று அவர்களுக்கே புரிகிறது. லில்லி என்ற பெண்ணுக்கு விஷம் ஏறாது. அதைத் தவிர எல்லாவற்றிலும் தடுமாறுவாள். அந்த ஒரு குணத்தைச் சுற்றி மற்றவர்கள் திட்டம் போடக் கற்றுக்கொள்கிறார்கள். நிஜமான வேலைக்குப் போகும்போது வீட்டில் விளையாட்டாகச் செய்த அத்தனையும் திரும்ப வருகிறது. என் நோட்டில் வலது பத்தி நிரம்பிய தொடர் இது.

கேள்வி: ‘ஸ்பை கிளாஸ்ரூம்’ நாவலா, அனிமேவா? எது முதலில்? (நூலகர்)

நாவல். முதல் புத்தகத்தில் எழுத்தால் மட்டுமே மறைத்து வைக்கக்கூடிய ஒரு தந்திரம் இருக்கிறது. திரையில் எல்லாரையும் காட்டியாக வேண்டும், அதனால் அனிமேவில் அது அதே வேகத்தில் வந்து இறங்கவில்லை. இதற்கு மேல் சொன்னால் உங்கள் சந்தோஷத்தைக் கெடுத்துவிடுவேன்.

கேள்வி: ‘ஹிதான் நோ ஆரியா’வைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தீர்கள். அதுவும் குறையாக. இந்த வகையில் நான் முதலில் பார்த்த தொடர் அது. ஏன் இந்தக் கோபம்? (வாசகி)

கோபம் இல்லை, வருத்தம். அந்தப் பள்ளிக்கூடத்தின் அமைப்பு எனக்கு அவ்வளவு பிடிக்கும். சுகாகு அகமாத்சு 2008ல் எழுதத் தொடங்கிய நாவல் வரிசை. 2011ல் ஜே.சி. ஸ்டாஃப் 12 பகுதிகளாக அனிமே எடுத்தது. தோக்கியோ விரிகுடாவில் ஒரு செயற்கைத் தீவு. அதில் ஆயுதம் ஏந்திய துப்பறிவாளர்களைப் பயிற்றுவிக்கும் உயர்நிலைப் பள்ளி. அவர்களுக்கு ‘புதெய்’ என்று பெயர். தாக்குதல், தொலைவிலிருந்து சுடுதல், விசாரணை, வண்டி ஓட்டுதல், மருத்துவம் என்று தனித்தனித் துறைகள். மாணவர்களுக்கு உச்சத்தில் எஸ், அடியில் ஈ என்று தரவரிசை. சீருடையே குண்டு துளைக்காத துணி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம்: எந்த நிலையிலும் புதெய் ஒருவரையும் கொல்லக் கூடாது. இடுப்பில் துப்பாக்கியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு விதி வைத்ததில் எத்தனை கதை கிடைக்கும்!

தொடக்கமும் பிரமாதம். கதாநாயகன் கின்ஜி பள்ளிக்குச் சைக்கிளில் போகிறான். சைக்கிளில் வெடிகுண்டு. வேகம் குறைந்தால் வெடிக்கும். வானத்திலிருந்து பாராகிளைடரில் ஆரியா இறங்கி அவனைத் தூக்கிப் போகிறாள். ஷெர்லக் ஹோம்ஸ் வம்சத்தில் வந்த பெண். இரண்டு துப்பாக்கி, இரண்டு குட்டை வாள். குரல் கொடுத்தவர் ரியே குகிமியா. சின்ன உருவம், பெரிய கோபம் கொண்ட பாத்திரங்களுக்கு ஜப்பானில் முதலில் நினைவுக்கு வரும் குரல் அவருடையதுதான்.

என் வருத்தம் கின்ஜியின் விஷயத்தில். அவன் கெட்டிக்காரனாவது படித்து அல்ல, பயிற்சி எடுத்தும் அல்ல. காம உணர்வு தூண்டப்பட்டால் அவன் மூளை பல மடங்கு வேலை செய்யும். அவ்வளவுதான் அவன் வலிமை. அதனால் ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் ஒரு சங்கடமான காட்சியை வலிந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது. அத்தனை துறைகள், தரவரிசைகள், விதிகள் உள்ள ஒரு பள்ளியைக் கட்டிவிட்டு, கதாநாயகனுக்கு மட்டும் பள்ளியே தேவைப்படாத ஒரு சுவிட்சை வைத்துவிட்டார்கள். பெண் பாத்திரங்களும் அந்தச் சுவிட்சைப் போடுவதற்காக இழுக்கப்படுகிறார்கள். ஒரு ஆசிரியையாக எனக்கு இது பொறுக்கவில்லை.

நீங்கள் அந்த உலகத்தை விரும்பினால் 2015ல் தோகா கோபோ ஸ்டுடியோ எடுத்த ‘ஆரியா ஏஏ’வைப் பாருங்கள். அதே பள்ளி, ஆனால் கதாநாயகி அகாரி என்ற கடைசித் தர மாணவி. ஆரியாவிடம் சிஷ்யையாகச் சேரத் துடிப்பவள். மூத்தவர் ஒருவர் இளையவர் ஒருவரை ஒப்பந்தம் போட்டு வளர்க்கும் முறை அங்கே இருக்கிறது. அகாரியின் குடும்பத்தில் தலைமுறையாக வந்தது கொலைக்கலை. பள்ளியின் சட்டமோ கொல்லாதே என்கிறது. அவள் அந்தக் கலையை, எதிரியின் கையிலிருப்பதைப் பறிக்கும் வித்தையாக மாற்றிக்கொள்கிறாள். தெரிந்ததை மறந்துவிட்டுப் புதிதாகக் கற்பதைவிட இது கஷ்டம். சின்னத் தொடர், பேசப்பட்டதும் குறைவு. ஆனாலும் பள்ளிக்கூடம் என்ற சொல்லுக்கு அதில் பொருள் இருக்கிறது.

கேள்வி: ஜப்பானில் நிஜமாகவே துப்பறிவாளர் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? (பத்தாம் வகுப்பு மாணவி)

முடியாது. துப்பாக்கிக்கும் வாளுக்கும் மிகக் கடுமையான சட்டம் 1958 முதல் இருக்கிறது. தனியார் துப்பறியும் தொழிலுக்கும் தனிச் சட்டம் உண்டு, 2007ல் நடைமுறைக்கு வந்தது. தொழில் தொடங்குபவர் அந்த மாகாணத்தின் பொதுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதனால் சாதாரண மக்களுக்கு இல்லாத எந்த அதிகாரமும் கிடைத்துவிடாது. ஆரியாவின் உலகம் முழுக்கக் கற்பனை.

கேள்வி: ‘அசாசினேஷன் கிளாஸ்ரூம்’ உளவாளிக் கதையா? நீங்கள் அதை இந்தப் பட்டியலில் சேர்த்தது சரியா? (வாசகர்)

அது கொலைப் பயிற்சிக் கதை. ஆனால் பாதுகாப்பு அமைச்சகம் ஆள் அனுப்பி, ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு ரகசியமாகப் பயிற்சி தருகிறதே, அதை வேறு எந்தப் பெயரில் சொல்வது? அதைத் தவிர்த்துவிட்டு இந்த வகையைப் பற்றிப் பேசவே முடியாது.

யூசெய் மத்சுயி 2012 முதல் 2016 வரை வாராந்திர ஷோனென் ஜம்ப் இதழில் வரைந்த படக்கதை. 2015லும் 2016லும் லெர்ச்சே ஸ்டுடியோ அனிமேவாக எடுத்தது. மாக் 20, அதாவது ஒலியைப் போல 20 மடங்கு வேகத்தில் பறக்கும், பல கைகள் கொண்ட மஞ்சள் நிற ஜந்து ஒன்று நிலவின் பெரும்பகுதியை அழித்துவிட்டு, அடுத்த மார்ச்சில் பூமியையும் அழிப்பேன் என்கிறது. அதுவரை குனுகிகவோகா பள்ளியின் 3-ஈ வகுப்புக்குப் பாடம் நடத்த வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மாணவர்கள் அதைக் கொன்றால் 1000 கோடி யென் பரிசு. மாணவர்களுக்குத் தரப்படும் கத்தி மனிதர் மேல் பட்டால் ஒன்றும் ஆகாது, ஆசிரியர் மேல் பட்டால் மட்டும் வெட்டும்.

3-ஈ என்பது பள்ளியின் குப்பைக்கூடை. மதிப்பெண் குறைந்தவர்களை மலை மேல் ஒரு பழைய கட்டடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். மற்ற வகுப்புகள் அவர்களைப் பார்த்துப் பயந்து ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்பது பள்ளித் தலைவரின் கொள்கை. இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. எங்கோ கற்பனையில் நடப்பதாக என்னால் இதைப் படிக்க முடியவில்லை.

தேர்வு நேரத்தில் அந்தப் பிள்ளைகள், “பரிசுப் பணம் கிடைத்தால் போதும், படிப்பு எதற்கு” என்று சொல்லிவிடுகிறார்கள். அதுவரை சிரித்துக்கொண்டே இருந்த அந்த மஞ்சள் ஆசிரியருக்கு, பிள்ளைகள் கோரோ சென்செய் என்று கூப்பிடுபவருக்கு, அப்போது வரும் கோபம் இருக்கிறதே! இரண்டாவது கத்தி இல்லாதவன் கொலையாளியாகவும் ஆக முடியாது என்கிறார். ஒருநாள் நான் இல்லாமல் போய்விட்டால் உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் அதன் பொருள். எல்லாரும் பள்ளியில் முதல் 50 பேருக்குள் வர வேண்டும் என்று கட்டளை போடுகிறார். ஆனால் கடைசி நேரத்தில் பள்ளித் தலைவர் பாடப்பகுதியை மாற்றிவிடுகிறார், பிள்ளைகள் தோற்கிறார்கள். ஆசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். இவ்வளவு வேகம் உள்ள ஒரு ஜந்து, தன் மாணவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுகிறது. பள்ளிக்கூடக் கதைகளில் ஆசிரியரின் வெட்கத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

கொலைப் பயிற்சியில் வந்த கவனம், பொறுமை, எதிராளியைப் படிக்கும் பழக்கம் எல்லாம் பாடத்துக்கும் திரும்புகிறது. பாடத்தில் வந்த ஒழுங்கு கத்திக்கும் போகிறது. இடது பத்தி எது, வலது பத்தி எது என்று பிரிக்கவே முடியாத ஒரு தொடர்.

கேள்வி: பையனுக்கு வயது எட்டு. அவனுக்குக் காட்டலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்? (ஒரு அம்மா)

‘நிந்தாமா ரந்தாரோ’. யோசிக்கவே வேண்டாம். ஆரியா வேண்டவே வேண்டாம். கோரோ சென்செய் கதைக்கு இன்னும் சில வருடம் பொறுங்கள்.

ஜப்பானின் பழைய கால உளவாளிகளான நிஞ்சாக்களின் பள்ளியில் படிக்கும் முதல் வகுப்புப் பிள்ளைகளின் கதை இது. சோபெய் அமாகோ 1986ல் சிறுவர் நாளிதழ் ஒன்றில் வரையத் தொடங்கினார். அனிமே 1993 ஏப்ரலில் என்எச்கே தொலைக்காட்சியில் ஆரம்பித்தது. 2000 பகுதிகளைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. ஒரு பகுதி பத்து நிமிடம்தான், சின்னப் பிள்ளைக்கு அளவான நேரம். இன்று நாம் பேசும் இந்தத் தொடர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது. ஆனால் பெரியவர்கள் எழுதும் பட்டியல்களில் இதைக் காணவே முடியாது. குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

ரந்தாரோ கண்ணாடி போட்டவன், நன்றாக ஓடுவான். ஷின்பெய்க்குச் சாப்பாடுதான் உலகம். கிரிமாருவுக்குக் காசு என்றால் உயிர். கீழே ஒரு நாணயம் விழும் சத்தம் கேட்டால் எந்த இடத்திலிருந்தும் பாய்ந்து வருவான். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவன் போரில் பெற்றோரை இழந்தவன், தன் படிப்புச் செலவுக்குத் தானே சில்லறை வேலைகள் செய்து சம்பாதிக்கிறவன் என்பது பெரியவர்களுக்குத்தான் உறைக்கும். விடுமுறையில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போகும்போது, அவனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்பவர் வகுப்பாசிரியர் தோயி. தொடர் இதைப் பெரிய சோகக் காட்சியாக்கி நிறுத்துவதில்லை. ஒரு வரி, அப்புறம் மறுபடியும் கூத்து. 2024 டிசம்பரில் வந்த திரைப்படம் இந்தத் தோயி ஆசிரியரைச் சுற்றியே நடக்கிறது. அதில் இந்த உறவுக்கு உரிய இடம் கிடைத்திருக்கிறது. உங்கள் பையனோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: பரபரப்பான சண்டைக்கு நடுவில் திடீரென்று முகம் மட்டும் உருண்டையாக, கண் இரண்டு புள்ளியாக மாறிவிடுகிறதே? அது ஏன்? எனக்கு எரிச்சலாக இருக்கிறது. (வாசகர்)

இரண்டு காரணம். ஒன்று உழைப்பு. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடுகிறது. ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேவில் பெரும்பாலும் ஒரே படத்தை மூன்று சட்டகத்துக்கு வைப்பார்கள், அதாவது நொடிக்கு 8 படம். நல்ல சண்டைக் காட்சிக்கு அதைவிட அதிகம் வரைய வேண்டும். அந்த உழைப்பை எங்காவது மிச்சப்படுத்தித்தான் ஆக வேண்டும். எளிமையான முகம், அசையாத உடம்பு, பெரிய சத்தம் என்று ஒரு சிரிப்புக் காட்சி வந்தால் வரைபவர்களுக்கு மூச்சு கிடைக்கும்.

இரண்டாவது காரணம் நமக்காக. பிள்ளைகள் கையில் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுச் சிரிக்கவும் வைப்பது எளிதல்ல. உருண்டை முகம் வந்ததும், இப்போது யாருக்கும் எதுவும் ஆகாது என்று நமக்குச் சொல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். அதை நம்பி நாம் சிரிக்கிறோம். நல்ல இயக்குநர்கள் இந்த நம்பிக்கையைக் கவனமாகக் கையாள்வார்கள். உருண்டை முகம் வர வேண்டிய இடத்தில் அது வராமல் போனால், அந்த ஒரு நொடியில் நமக்கு உடம்பு சில்லிடும். எரிச்சல் வருவது அதை எல்லா இடத்திலும் தூவும் தொடர்களில்தான். அதில் நான் உங்கள் கட்சி.

கேள்வி: இப்படி ஒரு உளவாளிப் பள்ளி ஜப்பானில் உண்மையில் இருந்ததா? (ஓய்வு பெற்ற அரசு ஊழியர்)

இருந்தது ஐயா. அது சிரிப்புக்கான இடம் அல்ல. இராணுவத்தின் நகானோ பள்ளி. 1938ல் வேறு பெயரில் தொடங்கி, மறு வருடம் தோக்கியோவின் நகானோ பகுதிக்கு மாறியது. 1945ல் போர் முடியும்வரை நடந்தது. வெளியே தெரியாமல் மறைத்து வைக்கப்பட்ட நிறுவனம். இராணுவ விறைப்பு இருந்தால் அதுவே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், சாதாரணக் கல்லூரிகளில் படித்தவர்களைத் தேடிச் சேர்த்தார்கள். தலைமுடி வளர்த்து, கோட்டு சூட்டு போட்டு, பொதுமக்களைப் போல நடக்கப் பழக்கினார்கள்.

1944ல் ஃபுதமாத்தா என்ற ஊரில் இதற்கு ஒரு கிளை தொடங்கப்பட்டது. அங்கே கெரில்லாப் போர்முறைதான் முக்கியப் பாடம். அதில் பயின்றவர் ஹிரூ ஒனோதா. பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்ததை நம்பாமல் காட்டிலேயே இருந்து 1974 மார்ச்சில்தான் சரணடைந்தார். அதுவும் அவருடைய பழைய மேலதிகாரி நேரில் போய் உத்தரவை ரத்து செய்த பிறகு. ஏறக்குறைய 29 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் தீவின் மக்கள் பலர் அவர் குழுவின் கையால் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அவருடைய பிடிவாதத்தை மட்டும் வியந்து பேசும் கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. சாகும்வரை உத்தரவுக்குக் காத்திரு என்று ஒரு பள்ளி கற்றுக்கொடுத்து, மாணவனும் அதை அப்படியே கற்றுக்கொண்டான் என்றால், முதலில் கேள்வி கேட்க வேண்டியது அந்தப் பள்ளியைத்தான்.

நகானோவின் சாயலை அனிமேவில் பார்க்க வேண்டுமானால் ‘ஜோக்கர் கேம்’. 2016ல் புரொடக்‌ஷன் ஐஜி எடுத்தது, கோஜி யானகியின் நாவல்களை வைத்து. அதில் வரும் தலைவர் யூகி தன் மாணவர்களுக்கு விதிக்கும் முதல் கட்டளை, சாகாதே, கொல்லாதே என்பது. செத்தாலும் கொன்றாலும் ஊர் கூடிவிடும், உளவாளி வெளிச்சத்துக்கு வந்துவிடுவான் என்பது அவர் கணக்கு. அந்தக் கால இராணுவம் கற்பித்ததற்கு நேர் எதிரானது இது. சிரிப்பு அதில் கிடையாது, அடிதடியும் குறைவு. உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நான் பெரியவனானதும் இரகசிய முகவர் ஆக வேண்டும். இப்போதே என்ன பயிற்சி எடுக்கலாம்? (ஏழாம் வகுப்பு மாணவன்)

நல்லது தம்பி. நிஞ்சாக்களுக்கென்று பழைய கையேடுகள் இருக்கின்றன. 1676ல் தொகுக்கப்பட்ட ‘பன்சென்ஷூகாய்’ அதில் பெரியது. அது முதலில் பேசுவது சுவர் ஏறுவதைப் பற்றி அல்ல, மனம் நேர்மையாக இருக்க வேண்டியதைப் பற்றி. அது இல்லாதவன் கையில் இந்த வித்தைகள் வெறும் திருட்டு என்பது அதன் கட்சி. அதற்குப் பிறகுதான் மாறுவேடம், நட்சத்திரம் பார்ப்பது, தீ மூட்டுவது எல்லாம்.

நீ செய்யக்கூடியது: இன்னொரு மொழி படி. வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்கப் பழகு. ஒரு அறைக்குள் போய் வந்தபின் அங்கே என்னென்ன இருந்தது என்று நினைவிலிருந்து எழுதிப் பார். கணக்கையும் விடாதே, சங்கேதக் குறியீடு முழுக்கக் கணக்குதான். ஜப்பானில் நிஞ்சாக்களின் சொந்த ஊரான இகா இருக்கும் மியே மாகாணத்தில், மியே பல்கலைக்கழகம் நிஞ்சா பற்றிய படிப்பையே நடத்துகிறது. 2020ல் அங்கே ஒருவர் அதில் முதுகலைப் பட்டமும் வாங்கிவிட்டார். ஆகவே உன் ஆசையைக் கேட்டு யாராவது சிரித்தால் இந்தத் தகவலைச் சொல்.

கேள்வி: ‘ரிலீஸ் தி ஸ்பைஸ்’ எப்படி? (வாசகி)

2018ல் வந்தது, 12 பகுதி. பள்ளி மாணவிகள் ஒரு இரகசிய அமைப்பில் இருக்கிறார்கள். மசாலாவை மென்றால் உடம்பில் வலு கூடும். ஒவ்வொரு மூத்தவளுக்கும் ஒரு சிஷ்யை. அந்தக் குரு சிஷ்யை உறவு அழகாக வந்திருக்கிறது, நிறங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சி. எதிரிகள் மட்டும் மனதில் நிற்கவில்லை. ஒரு வார இறுதியில் பார்த்து முடித்துவிடலாம்.

கேள்வி: ‘மிஷன்: யோசகுரா ஃபேமிலி’யில் பள்ளியே இல்லையே, கல்யாணம்தானே இருக்கிறது? (வாசகர்)

அந்த வீடுதான் பள்ளி. ஹிட்சுஜி கொன்தாய்ரா 2019 முதல் 2025 தொடக்கம்வரை வரைந்த மங்கா, அதாவது படக்கதை. அனிமே 2024 ஏப்ரலில் தொடங்கியது, சில்வர் லிங்க் எடுத்தது. விபத்தில் குடும்பத்தையே இழந்த தாயோ என்ற பையன், உளவாளிக் குடும்பத்தில் பிறந்த முத்சுமியை மணந்துகொண்டு அந்த வீட்டுக்குப் போகிறான். முத்சுமியின் மூத்த அண்ணனுக்குத் தங்கை மேல் அளவுகடந்த பாசம். அந்த அண்ணன்தான் இவன் பள்ளியின் துணைத் தலைமையாசிரியரும்கூட. வீட்டில் ஆளுக்கொரு வித்தை தெரிந்த மச்சான்களும் மைத்துனிகளும். ஒருவருக்கு ஆயுதம், ஒருவருக்குக் கணினி, ஒருவருக்கு மாறுவேடம். காலையில் எழுந்து முகம் கழுவப் போவதே பரீட்சை, வீடு முழுக்கப் பொறிகள்.

யாருமில்லாத ஒருவனுக்குக் குடும்பம் கிடைப்பதும் பயிற்சி கிடைப்பதும் ஒரே காரியமாக நடக்கிறது என்பதுதான் இந்தத் தொடரின் மனசு. அவனைப் படுத்துகிறவர்கள் எல்லாரும் அவன் பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே படுத்துகிறார்கள். முதல் சில பகுதிகள் கொஞ்சம் சத்தமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘பிரின்சஸ் பிரின்சிபல்’ பார்க்கத் தொடங்கினேன். முதல் பகுதியே 13ஆவது வழக்கு என்கிறார்கள். கோப்பு மாறிவிட்டதா? எந்த வரிசையில் பார்ப்பது? (கல்லூரி மாணவி)

மாறவில்லை. சுவரால் இரண்டாகப் பிரிந்த லண்டனில், பள்ளி மாணவிகளாக வேடம் போட்ட ஐந்து உளவாளிகளின் கதை. 2017ல் வந்தபோது வேண்டுமென்றே காலவரிசையைக் கலைத்துத்தான் கொடுத்தார்கள். முதல் பகுதி 13ஆவது வழக்கு, இரண்டாவது பகுதி முதல் வழக்கு, கடைசிப் பகுதி 24ஆவது. நடுவில் உள்ள எண்கள் பல சொல்லப்படவே இல்லை.

முதல் தடவை ஒளிபரப்பான வரிசையிலேயே பாருங்கள். அந்த ஐவரும் ஒருவரையொருவர் நம்புவதை முதலில் பார்த்துவிட்டு, அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று பின்னால் போய்த் தெரிந்துகொள்வதில்தான் சுவை. இரண்டாம் தடவை வேண்டுமானால் வழக்கு எண்படி பாருங்கள். கதை கனமாக இருக்கிறதே என்று தோன்றினால் ஏழாவது பகுதிவரை தாக்குப்பிடியுங்கள். ஐவரும் சலவைத் தொழிற்சாலையில் வேலைக்காரிகளாக நுழைந்து, உளவு பார்க்கப் போன இடத்தில் தொழிற்சாலையையே சீர்திருத்திவிடுவார்கள். தொடரில் மனம்விட்டுச் சிரிக்க வைக்கும் பகுதி அது. 2021ல் தொடங்கிய ‘கிரௌன் ஹேண்ட்லர்’ திரைப்படங்களுக்கு 12 பகுதிகளையும் முடித்த பிறகு போங்கள்.